தாக்குதல் செய்தி என்றாலே "எல்லாம் நாடகம்" என்கிறார்கள்: வாசகர் வட்டத்தில் எப்படிப் பேசுவது?

கிந்தா_வாசகி:

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தின் அடுத்த தலைப்பு இது: பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால் போலீஸ் சொல்வதையும் பத்திரிகை எழுதுவதையும் எந்த அளவுக்கு நம்பலாம்? வருவது 25 பேர் அளவில். பாதிப் பேர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள், மீதி படிவம் ஐந்து, ஆறு படிக்கும் பிள்ளைகள். வயது எதுவானாலும் பேச்சு ஒன்றுதான்: "அரசாங்கம் சொல்றது பூராவும் பொய், டிவிக்காரன் காசு வாங்கிட்டுப் பேசுறான், புலனத்துல (வாட்ஸ்அப்) வர்றதுதான் நெசம்."

நம்புங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இப்படியே விடவும் மனம் வரவில்லை. எந்தச் சந்தேகத்துக்குக் கால் இருக்கிறது, எது வெறும் வதந்தி என்று பிரித்துக் காட்ட உதாரணம் வேண்டும். கைப்பேசியில் வரும் படம், காணொளியைச் சோதிக்கும் முறையும் வேண்டும். கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம்.

பழைய_கிராணி:

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு உதாரணத்துக்கு வெளியூர் போகவே வேண்டாம், தங்கச்சி. 1948 ஜூன் 16 அன்று அங்கே எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் அதிலிருந்துதான் தொடங்கியது. பெரியவர்கள் 'கம்னிஸ் காலம்' என்பது அதைத்தான். அந்தக் காலப் பத்திரிகைகளில் காட்டுக்குள் இருந்தவர்களுக்குப் பெயர் 'பேண்டிட்', அதாவது கொள்ளைக்காரன். 1952-ல் அதிகாரிகளே அதைக் 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்று மாற்றினார்கள். ஆள் அதே ஆள். வார்த்தையை யார் வைக்கிறார், எப்போது மாற்றுகிறார் என்று பார்க்கும் பழக்கத்தை இதிலிருந்து தொடங்கலாம்.

அடுத்து சிலாங்கூரின் பத்தாங் காலி. இது தாக்குதல் இல்லை, தாக்குதலை அடக்கப் போனவர்கள் செய்தது. ஆனாலும் அதிகாரக் கூற்றை எப்படிச் சோதிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1948 டிசம்பர் 11, 12-ல் சுங்கை ரெமோக் தோட்டத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் 24 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்பது அரசாங்கக் கூற்று. பத்திரிகைகளும் அவர்களைக் கொள்ளைக்காரர் என்றே போட்டன.

இப்போது கூட்டத்தில் ஒரு தாளில் கணக்குப் போடச் சொல்லுங்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் பல திசையில் ஓடுகிறார்கள், பின்னால் இருந்து சுடுகிறார்கள். அப்படியானால் கை, காலில் குண்டு பட்டுச் சிலராவது காயத்தோடு கிடக்க வேண்டும். காயம்பட்டவர் என்று யாரும் இல்லை. ஒருவராவது ஓடித் தப்பியிருக்க வேண்டும். ஆண்களில் மிஞ்சியது மயங்கி விழுந்த ஒருவர் மட்டும். கொள்ளைக்காரர் என்றால் துப்பாக்கி எங்கே? ஒன்றும் கைப்பற்றப்படவில்லை. பிறகு 1949 ஜனவரியில், கைதிலிருந்து தப்புகிறவரைச் சுடலாம் என்று 27ஏ விதி வந்தது, அதுவும் முன்தேதியிட்டுச் செல்லும்படி. நடந்ததெல்லாம் முறைப்படிதான் என்றால் பின்னால் விதி எழுத என்ன அவசரம்?

1970-ல் அந்தப் படையின் முன்னாள் வீரர்கள் சிலர் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றில் சத்தியப் பிரமாணம் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்து யார்டு விசாரணை தொடங்கி, அங்கே ஆட்சி மாறியதும் நின்றுபோனது. 2015 நவம்பர் 25-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பொது விசாரணை கேட்ட குடும்பங்களின் முறையீட்டை 4க்கு 1 என்று தள்ளியது.

இந்தச் சந்தேகம் 'வெள்ளைக்காரன் பொய்தான் சொல்வான்' என்ற கோபத்தில் எழுந்தது என்றால் யாரும் மதித்திருக்க மாட்டார்கள். எண்ணி எடுத்த முரண்பாடுகள்தான் அதை 67 வருடம் உயிரோடு வைத்திருந்தன.

மூல ஏடு வேண்டுமானால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம் இலவசம். தமிழ் முரசும் அதில் உண்டு. தேதியை 1948 டிசம்பர் 12 முதல் 20 வரை என்று குறுக்கித் தேடுங்கள், இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும்.

மூன்றாம்பக்கம்:

கிராணி ஐயா பொய்யைக் காட்டினார். நான் பிழையைக் காட்டுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள்.

2005 ஜூலை 7, லண்டன். முதலில் வந்த செய்தி 'மின்சாரக் கோளாறு'. அதை வைத்தே இன்றும் காணொளி போடுகிறார்கள். காரணம் எளிது: குண்டு வெடித்ததும் பாதாள ரயிலின் மின்சுற்று அறுந்தது, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் கண்ணில் பட்டது அது மட்டும்தான். ரயில்கள் இரண்டு நிலையங்களுக்கு நடுவே சுரங்கத்தில் நின்றன. காயம்பட்டவர்கள் சிலர் இந்தப் பக்க நிலையத்தில் ஏறி வந்தார்கள், சிலர் அந்தப் பக்கம். அதனால் ஒரே வெடிப்பு இரண்டு இடத்திலிருந்து இரண்டாகப் பதிவானது, சுரங்கத்தில் நடந்த மூன்று வெடிப்பு ஆறு, ஏழு என்று ஆனது. நேரமும் முதலில் 8.51, 8.56, 9.17 என்று அரை மணிக்குப் பரந்து கிடந்தது. இரண்டு நாளில் தொழில்நுட்பப் பதிவைப் பார்த்துவிட்டு, மூன்றும் 8.50 அளவில், 50 வினாடிக்குள் என்று போலீஸே திருத்தியது.

இதே வழக்கில் சந்தேகக்காரர்கள் சரியாகப் பிடித்த இடமும் ஒன்று உண்டு. 2006 மே மாதம் வந்த அரசாங்க அறிக்கை, குண்டு வைத்தவர்கள் லூட்டனில் 7.40 ரயில் ஏறினார்கள் என்றது. அன்று 7.40 ரயில் ரத்து! ரயில் அட்டவணையைப் பார்த்த சாதாரண ஆட்கள்தான் கேட்டார்கள். ஜூலையில் உள்துறை அமைச்சர் ஜான் ரீட் நாடாளுமன்றத்தில் எழுந்து 7.25 ரயில் என்று திருத்தினார். அது தாமதமாகி 8.23-க்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையம் சேர்ந்தது, அவர்கள் அங்கே கேமராவில் பதிவானது 8.26 அளவில், பிறகு 8.50-க்கு வெடிப்பு. திருத்தியபின் கணக்கு ஒன்றோடொன்று பொருந்துகிறது. கேள்வி கேட்டது சரி. "ரயில் நேரம் தப்பு, ஆகவே குண்டே அரசாங்கம் வைத்தது" என்று தாவியதுதான் தப்பு. நடுவில் பத்துப் படி காணவில்லை.

கொழும்பு, 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள். சாவு எண்ணிக்கை 359 வரை ஏறி, 25-ஆம் தேதி 253 என்று இறங்கியது. "நூறு பேரை மறைத்துவிட்டார்கள்" என்று புலனம் கொதித்தது. மூடிய மண்டபத்துக்குள் வெடித்தால் உடல் முழுதாகக் கிடைக்காது. பாகங்கள் வேறு வேறு பையில் பிணவறை சேரும்போது ஒருவர் இரண்டு முறை எண்ணப்படுவார். மரபணுச் சோதனை முடிந்தபின்தான் எண் நிலைக்கும். ஆனால் அதே வழக்கில் "முன்னாடியே தெரியும், விட்டுட்டாங்க" என்ற பேச்சு பொய்யாகவில்லை. எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரி 12-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் அதிபர் சிறிசேனாவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. ஒரே சம்பவம், ஒரு வதந்தி விழுந்தது, ஒன்று நின்றது. சம்பவத்தை மொத்தமாக நம்புவதோ தள்ளுவதோ ஏன் உதவாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

நம் நாட்டுக்கு உலு திராம். 2024 மே 17 விடியலுக்கு முன் போலீஸ் நிலையத்தில் இரண்டு போலீஸ்காரர் கொல்லப்பட்டார்கள். அன்றே தேசிய போலீஸ் படைத் தலைவர் ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாத அமைப்பின் தொடர்பு என்றார். அடுத்த நாள் உள்துறை அமைச்சர், தனியாள் செய்தது என்றார். ஜூனில் தாக்கியவரின் குடும்பத்தினர் மீது வந்த குற்றச்சாட்டுகள் டாயிஷ் (ஐஎஸ்) சம்பந்தப்பட்டவை. புச்சோங்கில் 2016 ஜூன் 28 கையெறிகுண்டு இன்னும் தலைகீழ்: முதலில் பயங்கரவாதம் இல்லை என்ற தொனி, ஜூலை 4-ல் ஐஎஸ் என்று உறுதி. முதல் நாள் காரணம் சொல்லும் அதிகாரி யாராக இருந்தாலும் அவரிடம் இருப்பது ஊகம். 'என்ன நடந்தது' என்று அவர் சொல்வதைப் பென்சிலால் குறியுங்கள். 'ஏன், யார் அனுப்பினார்' என்பதைக் குறிக்கவே வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.

நிழலளவு:

படம், காணொளிக்கு நான்.

புலனத்தில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது. அம்பு இல்லை என்பதற்காகப் புதிது என்று எண்ணாதீர்கள். யாராவது இறக்கிச் சேமித்து மறுபடி ஏற்றினால் அம்பு போய்விடும். அனுப்பும்போதே புலனம் படத்தின் உள்தகவலை, எடுத்த நேரம், இடம் எல்லாவற்றையும், உதிர்த்துவிடும். மூலம் வேண்டுமானால் எடுத்தவரிடம் 'ஆவணமாக' அனுப்பச் சொல்ல வேண்டும்.

படத்தைத் தேடும்முன் மேலே ஒட்டிய சிவப்புப் பட்டை, எழுத்து, சேனல் முத்திரை எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். இல்லாவிட்டால் கூகுள் லென்ஸ் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதே வதந்தியையே திருப்பிக் கொடுக்கும். கிடைக்கவில்லையா, இடவலமாகப் புரட்டி மறுபடி தேடுங்கள். பழைய படத்தைப் புரட்டிப் போடுவது ரொம்பப் பழைய தந்திரம். படம் தேடும் டின்ஐ தளத்தில் 'பழையது முதலில்' என்று வரிசைப்படுத்தினால் அந்தப் படம் அந்தத் தளத்தின் கண்ணில் முதலில் எந்த வருடம் பட்டது என்று தெரியும். காணொளி என்றால் தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்தில் நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுத்துத் தனித்தனியாகத் தேடுங்கள். வெட்டி ஒட்டிய காணொளியில் மூன்றும் மூன்று ஊரைக் காட்டும்.

நிழலை வைத்து நேரம் பார்க்க சன்கால்க் தளம் உண்டு. நம் ஊரில் ஒரு தொல்லை: சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1.15-க்கு. அதனால் 12.30 முதல் 2 வரை நிழல் காலடியில் சுருண்டுவிடும், எதுவும் சொல்ல முடியாது. காலை, மாலைப் படத்துக்கு மட்டும் அது உதவும்.

இன்னொன்று, "சம்பவத்துக்கு முந்தின நாளே ஏற்றிவிட்டார்கள்!" என்று வரும் திரைப்பிடிப்பு. கொழும்பில் முதல் குண்டு ஏப்ரல் 21 காலை 8.45 அளவில். நமக்கு 11.15. அமெரிக்க மேற்குக் கரையில் அப்போது ஏப்ரல் 20, இரவு 8.15. அங்கத்திய நேரம் காட்டும் கணினியில் பிடித்த படத்தில் முந்தின தேதிதான் இருக்கும். சதியும் இல்லை ஒன்றும் இல்லை, கடிகாரம்.

லயத்துப்_பையன்:

எல்லாம் சரிண்ணே, வெளிநாட்டுக் கணக்கு. 2019-ல் நம்ம ஆட்களையே புலி என்று தூக்கினார்களே? பத்திரிகையில் பெரிய எழுத்தில் 'பயங்கரவாதம்'. அதற்கு அப்புறம் எவன் நம்புவான்?

மூன்றாம்பக்கம்:

நியாயமான கோபம் தம்பி, ஆனால் அந்த வழக்கைக் கடைசிவரை படிக்கணும். 2019 அக்டோபரில் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தில் 12 பேர் கைது, இரண்டு சட்டமன்ற உறுப்பினர் உட்பட. மாதக் கடைசியில் குற்றச்சாட்டு. நவம்பரில் உயர் நீதிமன்றம், சொஸ்மாவில் ஜாமீனைத் தடுக்கும் 13-ஆம் பிரிவு அரசமைப்புக்குப் புறம்பானது என்றது. 2020 பிப்ரவரி 21-ல் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான வழக்கையும் கைவிடுவதாக அறிவித்தார்.

அதில் படிக்க வேண்டியது வினைச்சொல். 'கைது செய்யப்பட்டார்', 'குற்றம் சாட்டப்பட்டார்', 'தண்டிக்கப்பட்டார்' மூன்றும் மூன்று. சொஸ்மாவில் 28 நாள்வரை குற்றச்சாட்டே இல்லாமல் வைத்திருக்கலாம். ஆகவே கைதுச் செய்தி வந்த நாளில் நாட்காட்டியில் 28 எண்ணி ஒரு வட்டம் போடுங்கள். அன்று எந்தப் பிரிவில் குற்றம் சாட்டினார்கள் என்று பாருங்கள். கைது முதல் பக்கத்தில் வரும், விடுதலை உள்பக்கத்தில் ஒரு துண்டாக வரும். இதைப் பத்திரிகையின் குற்றமாகவே சொல்கிறேன். தலைப்பில் 'சந்தேகத்தின்பேரில்' என்று போட இடமில்லையாம், நடிகர் படத்துக்கு இடம் இருக்கும்.

கிந்தா_வாசகி:

எல்லாருக்கும் நன்றி. பத்தாங் காலியும் லூட்டன் ரயிலும் போதும் என்று நினைக்கிறேன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் சந்தேகமான காணொளியை எங்கள் குழுவில் போட்டுக் காட்டலாமா? சட்டச் சிக்கல் வருமா?

பழைய_கிராணி:

குழுவில் போடாதீர்கள். தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு 2025 பிப்ரவரியிலிருந்து கடுமையாகிவிட்டது: அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை, சிறை 2 வருடம் வரை. பொய் என்று தெரிந்து, பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கம் இருந்தால்தான் என்று வக்கீல் வாதாடலாம், ஆனால் கைப்பேசி அதற்குள் போலீஸிடம் போயிருக்கும். ஒரு கைப்பேசியிலிருந்து திரையில் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். பகிர வேண்டும் என்றால் இணைப்பு இல்லாமல், குறுக்கே 'பொய்' என்று எழுதிய திரைப்பிடிப்பைப் பகிருங்கள். செபெனார்ஞா தளத்தில் மறுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் அரசாங்கத் தளம்தான், பல நேரம் சம்பந்தப்பட்ட இலாகா சொன்ன மறுப்பை அப்படியே போடும். அதையும் மூன்று கட்டத்தில் ஏற்றிச் சோதிக்க வேண்டியதுதான்.

கட்டம் என்றது இது: ஏ4 தாளைப் படுக்கவைத்து மூன்றாகக் கோடு போடுங்கள். என்ன சொன்னார், யார் சொன்னார், அந்த நேரத்தில் அவருக்கு எப்படித் தெரிந்திருக்க முடியும். ஐந்து பேருக்கு ஒரு தாள், ஐந்து தாள் போதும். முதல் 40 நிமிடம் பத்தாங் காலி, அடுத்த 25 லூட்டன், மீதி கைப்பேசி. மூன்றாவது கட்டத்தை நிரப்பத்தான் நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள். பெரியவர்களிடம் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள், மாற்றிச் செய்தால் பெரியவர்கள் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.