முதல் மரப்பொருத்துக்கு எந்தக் கருவிகளை வாங்குவது?

கேள்வி:
ஆணியோ திருகோ இல்லாமல், துளையும் கழுந்துமாக (கழுந்து: துளைக்குள் நுழையும்படி மரத்தின் முனையில் செதுக்கும் நாக்கு) பொருத்தி ஒரு சிறிய ஸ்டூல் செய்ய விரும்புகிறேன். கையில் உள்ள பணம் குறைவு. பன்னிரண்டு உளிகள் அடங்கிய தொகுப்பு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிவிட்டால் ரம்பத்துக்கும் இழைப்புளிக்கும் பணம் மிஞ்சாது. எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

மறுமொழி 1:
பன்னிரண்டில் பத்து உளிகள் பெட்டியிலேயே துருப்பிடிக்கும். துளையின் அகலம் மரத்தின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பதால், 36 மி.மீ. கனமுள்ள காலுக்கு 12 மி.மீ. உளி, 18 மி.மீ. சட்டத்துக்கு 6 மி.மீ. உளி என இரண்டே போதும். மிச்சப் பணத்தைச் சாணைக்கல்லில் போடுங்கள். கல்லும் வாங்க இயலாவிட்டால், தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் 220, 400, 1000 எண்களில் நீர் உப்புத்தாளை ஒட்டித் தீட்டலாம். புதிய உளியானாலும் முதலில் அதன் முதுகை (சரிவில்லாத பக்கத்தை), நுனியை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டராவது, தட்டையாக்க வேண்டும்; பிறகு சரிவை 25 முதல் 30 பாகைக்குள் வைத்து, முதுகுப் பக்கத்தில் விரலில் தட்டுப்படும் அளவுக்குப் பிசிறு எழும்வரை தீட்டி, அந்தப் பிசிறை நீக்குங்கள். மென்மரத்தின் வெட்டுமுகத்தைச் சீவிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: கூரான உளி பளபளப்பாகச் சீவும், மழுங்கியது நாரை நசுக்கும்.

மறுமொழி 2:
உளியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் குறிப்பதில்தான் தொடக்கக்காரர்கள் தோற்கிறார்கள். என் முதல் கழுந்து துளைக்குள் ஆடியதற்குக் காரணம் உளியன்று; நான் தடித்த பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் எந்தப் பக்கம் அறுப்பதென்று தீர்மானிக்காமல் அறுத்ததுதான். கூரிய கத்தியால் கீறினால் அந்தப் பள்ளத்திலேயே உளி உட்கார்ந்துகொள்ளும். மூலைமட்டத்தை (செங்கோணம் குறிக்கும் கருவி) வாங்கும் முன், நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு கீறி, திருப்பி வைத்து அதே இடத்தில் மறுகோடு கீறுங்கள். இரண்டும் ஒன்றாகாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துளையின் அகலத்தை அளவுகோலால் அளக்காமல், உளியின் நுனியையே மரத்தில் அழுத்திக் குறிப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ரம்பத்தில் இழுத்து அறுப்பது, தள்ளி அறுப்பது என இரு வகை இருக்கின்றனவே? பழைய இழைப்புளி வாங்கலாமா?

மறுமொழி 3:
இழுத்து அறுக்கும் ரம்பத்தின் தகடு மெல்லியது. கோடு விலகாமல் அறுக்கப் புதியவருக்கு எளிது. ஆனால் பற்கள் கடினப்படுத்தப்பட்டவையாக இருந்தால் அவற்றை அரத்தால் கூராக்க முடியாது, தகட்டையே மாற்ற வேண்டும். எந்த வகையானாலும் கோட்டை விட்டுவைத்து, கழிவுப் பக்கம் அறுங்கள்; மிஞ்சுவதை உளியால் சீவிக்கொள்ளலாம், குறைந்ததை ஒட்ட முடியாது.

இழைத்த மரமாகவே வாங்கினால் இழைப்புளியை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். பழைய கருவி வாங்கும்போது மேல்துருவுக்கு அஞ்ச வேண்டாம். அலகின் முதுகில் நுனிவரை குழிக்குழியாக அரித்திருந்தால் மட்டும் வேண்டாமென்று விடுங்கள், ஏனெனில் எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு அந்தக் குழிகளில் பல்லுப்பல்லாகவே நிற்கும். கிளாம்பும் உடனே தேவையில்லை. பசையிட்ட பின் கால்களைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, நடுவில் குச்சியைச் செருகி முறுக்கினால் இறுகும். மூலைகளில் கயிறு பதியாமல் அட்டைத் துண்டு வைக்க மறவாதீர்கள்.