முதல் பில்டரே 2 மைக்ரானா? யார் கிளப்பிவிட்டது இதை?

தெற்குவாடி_கச்சான்:
மண்டபம் பக்கத்து நண்பர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார்: "பைபர் படகு டீசல் இஞ்சினுக்கு டேங்க் பக்கத்திலேயே 2 மைக்ரான் பில்டர் போட்டுவிட்டால் நாசில் ஆயுசுக்கும் கெடாது." படித்ததும் தூக்கம் போய்விட்டது. (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; எண் குறையக் குறைய பில்டர் நெருக்கம். நாசில் என்பது இஞ்சினுக்குள் டீசலைத் தூவும் முனை.) டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இஞ்சினுக்குக் கொண்டுவருகிற பீட் பம்புக்கும் நடுவில் பம்பு டீசலை உறிஞ்சுகிறது ஐயா, தள்ளவில்லை. பில்டர் காகிதம் கொஞ்சம் அடைத்தாலே தளர்ந்த கிளிப் வழியாகக் காற்றை இழுக்கும். ஏர் பிடித்து இஞ்சின் நிற்கும். நிற்கிற இடம் பாம்பன் பாலத்தடி நீரோட்டமாக இருந்தால்? முதல் பில்டர் 30 மைக்ரான், போனால் போகிறது 10. 2 கூடாது.

மண்டபம்_வாடை:
அந்த "நண்பர்" நான்தான். நேரடியாகவே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். 10 எச்பி இஞ்சின் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு இரண்டரை, மூன்று லிட்டர்தான் குடிக்கும். நான் போட்டிருக்கிற ரேக்கர் 500 பில்டர் மணிக்கு 200 லிட்டருக்கு மேல் விடும். எங்கே அடைக்கும், சொல்லுங்கள். நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளுகிற பம்பில் பிளஞ்சர் என்கிற தண்டுக்கும், அது ஓடுகிற பேரல் என்கிற குழாய்க்கும் நடுவில் இடைவெளியே சில மைக்ரான்தான். அதற்குள் 10 மைக்ரான் மண்ணை விடச் சொல்கிற மேதையை இன்றுதான் பார்க்கிறேன்.

தெற்குவாடி_கச்சான்:
அதற்குத்தானே இஞ்சின் மேலேயே இரண்டாவது பில்டர் வைத்திருக்கிறான்! அது என்ன அழகுக்கா? 200 லிட்டர் என்பது புதுக் காகிதத்தின் கணக்கு. தென்கடலில் ஆடிக் காற்றுக்குள் ஒரு தடவை போய்வாருங்கள். படகு குலுங்குகிற குலுக்கலில் டேங்க் அடியில் கிடக்கும் கசடு மொத்தமும் கிளம்பி வரும். அதை முதலில் 2 மைக்ரானிடம் கொடுத்தால் கரை தெரிவதற்குள் அடைத்துவிடும். 2 கூடாது.

வத்தைக்காரன்:
அண்ணே, எங்கள் படகில் டேங்க் இஞ்சினுக்கு மேலே இருக்கிறது. டீசல் தானாக இறங்குகிறது, பீட் பம்பே கிடையாது. நாங்கள் கேனிலிருந்து ஊற்றும்போது புனலில் துணி கட்டி வடிகட்டுவதோடு சரி. எங்களுக்கு எது?

தெற்குவாடி_கச்சான்:
தம்பி, துணியா? துணி தண்ணீரை நிறுத்துமா? தண்ணீர் போனால் நாசில் துருப்பிடிக்கும். உங்களுக்கும் 10தான். 2 போட்டால் இறங்கவே இறங்காது.

கீழக்கரை_துபாய்:
நான் இங்கே படகுப் பட்டறையில் இருக்கிறேன். எந்த 10 என்று யாராவது சொன்னால் நல்லது. 10 மைக்ரான் துகளைக் கிட்டத்தட்ட முழுதாகப் பிடிப்பதும் 10தான், பாதியைப் பிடித்துப் பாதியை விடுவதும் 10தான் என்று பெட்டியில் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. அதைப் பேசாமல் 2, 10 என்று கத்திப் பிரயோசனம் இல்லை.

மண்டபம்_வாடை:
பாய், 2 என்றால் 2. இதில் என்ன பாதி, முழுசு?

தெற்குவாடி_கச்சான்:
துபாய் டீசல் வேறு, நம்ம ஊர் டீசல் வேறு பாய். அங்கே ஏசியில் உட்கார்ந்து பில்டர் மாற்றுவீர்கள். இங்கே கேனில் வாங்கி, வெயிலில் வைத்து, மேல்தளத்து மூடி வழியாக அலைத்தண்ணீரோடு சேர்த்து ஊற்றுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் என் படகு டேங்க் பாதி காலியாகவே கிடந்தது. உள்ளே வியர்த்து நீர் இறங்கியிருந்தது. முதல் நாள் பில்டருக்குக் கீழே தண்ணீர் தங்குகிற கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்தேன். பழுப்புத் தண்ணீர் வந்தது, அப்புறம் கருப்பாகக் கொழகொழவென்று ஒன்று, விரலில் ஒட்டினால் போகாது. அதற்கும் அப்புறம்தான் டீசல். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் வளர்கிற கிருமி அது. அதற்கு 2 மைக்ரான் காகிதம் எத்தனை நிமிடம் தாங்கும்?

வத்தைக்காரன்:
தடைக்காலம் விசைப்படகுக்குத்தானே, அப்படியென்றால் உங்களுடையது விசைப்படகா? பைபர் படகு பில்டருக்கு எதற்கு நடுவே வருகிறீர்கள்? முதலில் இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடி வலையைப் போட்டு எங்கள் வலையை அறுக்காமல் இருக்கச் சொல்லுங்கள் உங்கள் ஆட்களை.

தெற்குவாடி_கச்சான்:
நான் இரட்டைமடி போடுகிறேன் என்று பார்த்தாயா? வாயை அளந்து பேசு தம்பி. பைபர் படகில்தான் நானும் பிழைப்பைத் தொடங்கினேன்.

வத்தைக்காரன்:
உங்களைச் சொல்லவில்லை. உங்கள் ஆட்களைச் சொன்னேன். குத்தினால் நான் என்ன செய்ய?

கீழக்கரை_துபாய்:
கிண்ணத்தில் தண்ணீர் பிரிவது பெரும்பாலும் சுழற்சியிலும் கனத்திலும்தான். அதற்கும் காகிதம் 2ஆ 10ஆ என்பதற்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. பம்பு எவ்வளவு கஷ்டப்பட்டு உறிஞ்சுகிறது என்று அளக்கிற ஒரு வேக்குவம் மீட்டர் மாட்டினால் அடைக்கிறதா இல்லையா என்று முள்ளே காட்டிவிடும்.

மண்டபம்_வாடை:
மீட்டர் மாட்டியிருக்கிறேன் பாய். முள் அசையவில்லை. 2 மைக்ரான்தான் ஓடுகிறது.

தெற்குவாடி_கச்சான்:
முள் அசையாவிட்டால் மீட்டர் செத்துப்போயிருக்கும். அதே ரேக்கர்காரன் 2க்குப் பழுப்பு, 10க்கு நீலம், 30க்குச் சிவப்பு என்று மூன்று நிறத்தில் எதற்கு விற்கிறான்? 2 போதும் என்றால் அவனுக்கென்ன பைத்தியமா? நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் திரும்பவும் எழுதுகிறேன், டேங்க் பக்கம் 2 கூடாது, கூடாது, கூடாது.

மண்டபம்_வாடை:
மூன்று தடவை எழுதினால் உண்மையாகிவிடுமா அண்ணாச்சி? நீங்கள் எனக்குப் போன வருடம் "கல்லு மாதிரி இருக்கிறது" என்று விற்ற பம்பைப் பிரித்துப் பார்த்தேன். பிளஞ்சர் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். 10 மைக்ரானின் லட்சணம் அதிலேயே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் நான் 2க்கு மாறினேன்.

தெற்குவாடி_கச்சான்:
ஓ, அதுதான் சங்கதியா. பம்பு விற்றபோது ஓட்டிக்காட்டித்தான் கொடுத்தேன். வாங்கிப் போய்த் துருப்பிடித்த டேங்கில் மாட்டினால் நானா பொறுப்பு?

மண்டபம்_வாடை:
என் டேங்க் பைபர். பைபர் எப்படித் துருப்பிடிக்கும்?

வத்தைக்காரன்:
ஹா ஹா.

தெற்குவாடி_கச்சான்:
தம்பி சிரிக்காதே, நீ துணியில் வடிகட்டுகிற ஆள்.

மண்டபம்_வாடை:
பம்பைக் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாம்பனுக்குக் கொண்டுவருகிறேன். ஆள் இருப்பீர்களா?

தெற்குவாடி_கச்சான்:
ஞாயிறு பூசை இருக்கிறது. திங்கள் கடலுக்குப் போகிறேன்.

மண்டபம்_வாடை:
பூசை முடிந்ததும் வருகிறேன்.