ஒரே சம்பவம், மூன்று பேருக்கு மூன்று எரிச்சல்

நீடாமங்கலம் விவசாயி:

போன புரட்டாசியில் குறுவை நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் மூன்று நாள் கிடந்தோம். நான், என் மச்சினன், பக்கத்து வயல் பெரியவர். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள், வானமோ தூறிக்கொண்டே இருந்தது. வெயில் தலைகாட்டினால் தார்ப்பாயை விலக்கிக் கிளறிவிடுவது, கறுத்தால் ஓடிப்போய் மூடுவது, வேறு வேலையே இல்லை.

இரண்டாம் நாள் காலையில் ஒருத்தர் டிராக்டரில் வந்தார். எங்களுக்கு முன்னால் இருந்த தன் தம்பியின் குவியலை ஒட்டித் தன் நெல்லையும் கொட்டினார். "எல்லாம் ஒரே குடும்பந்தானே" என்று ஒரு சிரிப்பு வேறு. எனக்கு உச்சி வரை ஏறிவிட்டது. எதையும் வரிசைப்படி செய்கிற ஆள் நான். கரண்ட் பில் ரசீதைக்கூட வருடவாரியாக அடுக்கி வைத்திருப்பேன் (வீட்டில் இதற்குக் கேலி உண்டு). மச்சினனோ, "விடுங்கத்தான், நாப்பது கிலோ சிப்பம் நூறு இருந்தா அதிகம், மத்தியானத்துக்குள்ள எடை போட்டுடுவாங்க" என்று டீக்கடைக்குப் போய்விட்டான். அவனைக் கடுப்பேற்றியது வந்தவர் இல்லை, நான்தான். "காலையிலேருந்து இதையே எத்தனை தடவை சொல்லுவீங்க?" என்று சாயங்காலம் எரிந்து விழுந்தான்.

பெரியவருக்கு வரிசையும் பொருட்டில்லை, என் புலம்பலும் பொருட்டில்லை. "கொட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா பாத்தியா?" என்பதையே ராத்திரி கொசுவை விரட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். மரியாதைக்கு வாழ்ந்த மனுஷன்.

உங்களுக்கு எது ஆகாது? அது ஆகாததற்கு உங்கள் சுபாவத்தில் என்ன காரணம்? சொல்லுங்கள்.

கும்பகோணம் ஆசிரியை:

உங்கள் மூவரையும் பார்த்தால் உளவியல் வகுப்பு ஞாபகம் வருகிறது. ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு: புதியதை ஏற்கும் மனம், பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, இணங்கிப்போகும் குணம், சட்டென்று கலங்கும் தன்மை. நீங்கள் இரண்டாவதில் உச்சம். உங்கள் மச்சினன் நாலாவதில் இருக்கிறார் என்று நினைக்கிறேன், அத்தானின் புலம்பல் வரும்வரை.

என் கதை காபி. என் வீட்டுக்காரர் டபராவில் ஆற்றி ஆற்றி, கடைசியில் 'சர்ர்' என்று ஓர் உறிஞ்சு உறிஞ்சுவார். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததாகவே நினைவில்லை. எட்டு வருடத்துக்கு அப்புறம், அவர் டம்ளரை எடுத்தாலே என் தோள் இறுகுகிறது. சத்தம் வருவதற்கு முன்பே! மைக்கேல் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் 'சமூக ஒவ்வாமை' என்கிறார். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தும்மல் வருகிற மாதிரிதான். சின்ன விஷயம், ஆனால் திரும்பத் திரும்பப் பட்டால் பழகிப்போகாமல் கூடிக்கொண்டே போகும். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று பாட்டி சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

எனக்கு ஐந்தாவது பண்பு கொஞ்சம் தூக்கல், ஒத்துக்கொள்கிறேன். காபியை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமாகாது. அவரோ ஊரையே கூட்டி வைத்துப் பேசுகிறவர். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் அடுக்களைக்குள் நழுவிவிடுவேன். வந்தவர்கள் போன பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவருக்கு அதுதான் 'சர்ர்'.

மயிலாடுதுறை பயணி:

நான் வாயாடி. ரயிலில் எதிரில் இருப்பவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டால், என் முகத்தில் கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். தஞ்சாவூர் பாசஞ்சரில் ஒருநாள் கும்பகோணம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாபநாசத்தில் தாங்கவில்லை. "என்ன பாட்டு தம்பி?" என்று கேட்டேவிட்டேன். ஒரு பக்க ஒயரை மட்டும் கழற்றி, "பாட்டெல்லாம் இல்லை சார். யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு மாட்டியிருக்கேன்" என்றார்.

தஞ்சாவூர் வரை ஜன்னலோடு பேசிக்கொண்டு போனேன்.

நீடாமங்கலம் விவசாயி:

ஆசிரியை எழுதியதை மச்சினனுக்குப் படித்துக் காட்டினேன். நாலாவது பண்பு என்றதும் முகம் மலர்ந்தது. அப்புறம், ஒழுங்காகப் புரியட்டும் என்று இரண்டாம் முறையும் படித்தேன். பாதியிலேயே எழுந்துவிட்டான். சம்பா நெல்லைத் தனி வண்டியில் கொண்டுவருகிறானாம்.