சிம்சோன் எங்கே போனான்? தற்கொலையும் இரட்சிப்பும்

உப்பளம்:
தற்கொலை செய்துகொண்டவர்கள் எல்லாரும் நேரே நரகத்துக்குத்தான், மனந்திரும்ப நேரம் இல்லை, வேதாகமத்தில் ஒருத்தருக்கும் விதிவிலக்கு கிடையாது என்று வேதமாணவன் தம்பி நேற்று அடித்துச் சொல்லியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படிப் போனபோது, உடலைக் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது என்றுவிட்டார் எங்கள் சபைப் போதகரான ஐயர். மணியும் அடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே அவன் அம்மா வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நாங்களே பாட்டுப் பாடி அடக்கம் செய்தோம். சரி, வேதத்திலிருந்தே கேட்கிறேன். எதிரிகளான பெலிஸ்தரோடு நானும் சாக வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான், இஸ்ரவேலின் பலசாலி சிம்சோன் அவர்கள் கூடியிருந்த வீட்டின் தூண்களைச் சாய்த்தான். எபிரெயர் 11:32-ல் விசுவாசிகள் வரிசையில் அவன் பெயர் இருக்கிறது. அவன் எங்கே போனான்?

வேதமாணவன்:
பிரதர், கண்ணீரை வைத்து உபதேசம் உண்டாக்க முடியாது. சிம்சோன் செய்தது யுத்தம். தற்கொலை செய்துகொண்ட சவுல், அகித்தோப்பேல், யூதாஸ், இவர்களைப் பாருங்கள், ஒருத்தனாவது நல்லபடியாக முடிந்தானா? கொலைபாதகனுக்கு நித்திய ஜீவன் இல்லை என்கிறது 1 யோவான் 3:15. தன்னைக் கொல்வதும் கொலைதான், மன்னிப்புக் கேட்க ஆள் உயிரோடு இல்லை. அவ்வளவுதான்.

உப்பளம்:
அந்த வசனத்தை முதலிலிருந்து படியுங்கள் தம்பி. சகோதரனைப் பகைக்கிறவன் எவனும் கொலைபாதகன் என்றுதான் தொடங்குகிறது. முழுக்கு இல்லாமல் தண்ணீர் தெளித்துக் கொடுக்கும் தெளிப்பு ஞானஸ்நானம் வாங்கிய எங்களைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் எடுத்துப் போடவா? பகையோடு தூங்கி மாரடைப்பில் போகிறவனுக்கும்தான் மனந்திரும்ப நேரமில்லை. அவனுக்கு மட்டும் மணி அடிக்கிறீர்கள். சிம்சோனுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

கடற்கரைக்காரி:
கத்தோலிக்கத் திருச்சபையிலும் முன்பு இப்படித்தான். தெரிந்தே தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை 1917-ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. 1983-ல் வந்த சட்டத்தில் அந்தப் பட்டியலில் அவர்கள் இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2282. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் மனந்திரும்பக் கடவுள் வாய்ப்புத் தர முடியும் என்கிறது அடுத்த எண். பாவமில்லை என்று யாரும் சொல்லவில்லை, கனமான பாவம்தான். ஆனால் தீர்ப்பு நம்முடையதல்ல. அவர்களுக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம்.

வேதமாணவன்:
வந்துவிட்டார்கள். செத்தவனுக்குப் பூசை வைத்து மேலே ஏற்றலாம் என்று எந்த வசனம் சொல்கிறது? செத்தவர்கள் சுத்தமாகிற இடம் என்று நீங்கள் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம், வேதத்தின் 66 புத்தகத்தில் எங்கே இருக்கிறது?

கடற்கரைக்காரி:
இறந்தவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுத்ததைச் சொல்லும் 2 மக்கபேயர் 12. எங்கள் வேதாகமத்தில் 73 நூல்கள். ஏழு நூல்களை நீங்கள் எடுத்துவிட்டு, எங்கே என்று எங்களிடமே கேட்டால் எப்படி?

உப்பளம்:
புத்தகக் கணக்கை அப்புறம் பார்க்கலாம் அக்கா, தம்பி அதில் புகுந்து தப்பிக்கப் பார்க்கிறார். சிம்சோன் எங்கே போனான்?

நெல்லைச்சீமை:
அண்ணாச்சி, இதில் பழைய திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீனே தடுமாறியிருக்கிறார். 5-ஆம் நூற்றாண்டில் 'கடவுளின் நகரம்' முதல் புத்தகத்தில், கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை தன் உயிருக்கும் சேர்த்துத்தான் என்று கறாராக எழுதியவர், சிம்சோனிடம் வந்ததும் ஆவியானவர் அவனுக்கு ரகசியமாகக் கட்டளையிட்டிருந்தார் என்று சொல்லித்தான் கடந்துபோனார். இன்னொன்று, 'மனந்திரும்ப நேரமில்லை' என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியவர் தாமஸ் அக்வினாஸ். உத்தரிக்கிற ஸ்தலத்தைத் திட்டிக்கொண்டே ஒரு கத்தோலிக்கப் புனிதரின் வாதத்தைத்தான் வேதமாணவன் பேசிக்கொண்டிருக்கிறார். புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரோ, இப்படிச் சாகிறவன் காட்டில் கொள்ளையனிடம் சிக்கிக் கொலையுண்டவனைப் போன்றவன் என்றார்.

வேதமாணவன்:
அகுஸ்தீன், லூத்தர் எல்லாரும் மனுஷர்தான், எனக்கு வேதம் போதும். சிம்சோனுக்குப் பலம் கொடுத்தது தேவன், அதனால் அது தற்கொலை இல்லை. நரகம் என்ற பயத்தாலேயே பின்வாங்கி, இன்று பிள்ளைகுட்டியோடு இருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த வேலியைப் பிடுங்கிப்போட்டு, நாளைக்கு ஒரு பிள்ளை தப்பான முடிவெடுத்தால் நீங்கள் வந்து பொறுப்பேற்பீர்களா?

உப்பளம்:
பயமுறுத்தினால்தான் காப்பாற்ற முடியும் என்று பவுலுக்குத் தெரியவில்லையே! கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்துப் பிலிப்பி சிறைக்காரன் தன்னையே கொல்லப் பட்டயத்தை உருவியபோது, உனக்குக் கெடுதி செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்றார். நரகத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான் வந்தது, பிரசங்கம் வரவில்லை. உயிர் கசந்து நிற்கிறவன் பக்கத்தில் போய் உட்காருங்கள், சாப்பிட வையுங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இதைச் செய்யாத சபை, செத்த பிறகு கேட்டைப் பூட்டுவதற்கு மட்டும் வசனம் தேடுகிறது.

வேதமாணவன்:
சிறைக்காரன் சாகவில்லை, எலியாவும் சாகவில்லை. செத்தவனைக் காட்டுங்கள்.

உப்பளம்:
முதல் பதிவிலேயே காட்டினேன். சிம்சோன்.

வேதமாணவன்:
அது யுத்தம் என்று நானும் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஞானஸ்நான விவாதத்தில், ஞானஸ்நானத்தை அடக்கம்பண்ணப்படுவதோடு ஒப்பிடும் ரோமர் 6-க்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனவர்தானே நீங்கள், முதலில் அதற்கு வாருங்கள்.

கடற்கரைக்காரி:
ஏழு நூல்களுக்கும் பதில் வரவில்லை.

உப்பளம்:
ரோமர் 6-க்கு இன்று ராத்திரியே எழுதுகிறேன். ஆனால் சிம்சோனை நான் விடுவதாக இல்லை தம்பி.