‘வென்’னுக்குப் பின் ‘வில்’: பயிற்சி யோசனை தேவை

தமிழ்வழி ஒன்பதாம் வகுப்பு. ஆங்கில எதிர்கால வினையில் ஓரிடத்தில் பிள்ளைகள் விடாமல் சறுக்குகிறார்கள்.

‘வில் கோஸ்’, ‘வில் வென்ட்’ எல்லாம் ஒழிந்தாயிற்று. வில்லுக்குப் பின் வினையின் முதல் வடிவம் மட்டும் என்று அட்டவணை போட்டு வாய்விட்டுச் சொல்லவைத்ததில் சரியானது. முன்பே திட்டமிட்டதற்கு ‘கோயிங் டு’ என்பதும் பரவாயில்லை. ‘வில் ஹேவ் கான்’ பக்கம் போகவில்லை, அவசரமும் இல்லை.

சிக்கல் ‘வென்’னில். ‘வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்’ என்று எழுதினார்கள். வென், இஃப், அன்டில் பின்னால் வில் வராது, நிகழ்காலம்தான் என்றதும் ‘வென் ஹி கம்ஸ்’ என்று திருந்தியது. இப்போது ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ என்ற சரியான வாக்கியத்திலும் வில்லை அடித்துவிடுகிறார்கள்!

வென் பகுதிக்குப் பொருள் ‘வரும்போது’வா (வில் வராது), ‘எப்போது வருவான்’ஆ (வில் வரும்) என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கோடிட்ட இடத்தில் சரி, சொந்த வாக்கியத்தில் பழைய கதை. வென் பகுதியை வெட்டினால் மீதி தனியாக நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையும் உதவாது. ‘ஐ வில் டெல் ஹிம்’ போலவே ‘ஐ டோன்ட் நோ’வும் தனியாகவே நிற்கும்.

இந்த இரண்டு ‘வென்’னையும் பேச்சிலேயே பிரித்துப் பழக்க, உங்கள் வகுப்பில் பலித்த பயிற்சி எது?