அப்பாருவின் பழைய ஹார்னெட் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப் பொருந்தும்?

காங்கேயத்துக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்கள் அப்பாருவின் .22 ஹார்னெட் (ஒரு சின்னத் தோட்டா வகை) ரைஃபிள் போன வருசம் என் பேருக்கு மாறி வந்தது. 70 வயதைத் தாண்டியவர் வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்ற விதிப்படி எழுதிக் கொடுத்து, கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் நடையாய் நடந்து முடித்த காரியம். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பிர்னோ, இசட்கேடபிள்யூ 465 மாடல். சின்ன மௌசர் போல்ட், ஐந்து தோட்டா மேகசின், வால்நட் கட்டை. தூக்கினால் கனமே தெரியாது. அப்பாரு எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்தே வைத்திருந்ததால் குழலின் நீலப்பூச்சு இன்னும் மங்கவில்லை.

அவர் காலத்தில் இதற்கு ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) கிடையாது, இரும்பு சைட்தான். எனக்கு 47 ஆகிறது, பின் சைட், முன் சைட், குறி மூன்றும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிவதில்லை, பின் சைட் பஞ்சு மாதிரி மங்குகிறது. கிளப்பில் பேப்பர் டார்கெட் மட்டும்தான் சுடுகிறேன். பெரும்பாலும் 50 மீட்டர், எப்போதாவது 100. ஹார்னெட் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பாக இருப்பதால் ஒவ்வொரு தோட்டாவும் எனக்குக் கணக்கு.

நண்பர் ஒருவர் தன்னுடைய 6-24 எக்ஸ் 50 ஸ்கோப்பை (6 முதல் 24 மடங்கு வரை பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 50 மில்லிமீட்டர்) கொண்டுவந்து மேலே வைத்துக் காட்டினார். கன்றுக்குட்டி முதுகில் நெல் மூட்டை ஏற்றின மாதிரி இருந்தது, மனசு ஒப்பவில்லை. பழைய சாயலில், ஒல்லியாக, பளபளப்பான கறுப்பில் ஒன்று வேண்டும். அந்தக் காலத்து ஒரிஜினல் ஸ்கோப்பைத் தேடிப் பிடிப்பதா, பழைய மாதிரியில் இப்போது செய்வதை வாங்குவதா, இல்லை புது ஸ்கோப்பிலேயே சின்னதாகப் பார்ப்பதா? எத்தனை எக்ஸ் போதும்? ஒருத்தர் ரிசீவரில், அதாவது போல்ட் ஓடும் உடம்புப் பகுதியில், துளை போட்டு ஸ்கோப்பைத் தாங்கும் பேஸ் மாட்டிவிடலாம் என்கிறார், அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை.

சத்தி மலையடிவாரம்:

தம்பி, முதலில் அந்தத் துளை. வேண்டவே வேண்டாம். அந்த ரிசீவரின் மேல்பக்கத்திலேயே ஸ்கோப் ரிங் பிடிப்பதற்கு இரண்டு பக்கமும் சரிவாகக் கடைந்து விட்டிருப்பான், கையால் தடவிப் பாருங்கள், தெரியும். வெர்னியர் காலிப்பர் வைத்து அதன் அகலத்தை அளந்துகொண்டு, அந்த அளவுக்கு ரிங் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கோயமுத்தூரில் நல்ல லேத் பட்டறைக்காரர் யாரிடமாவது ஸ்டீலில் ரிங் கடைந்து வாங்கிக்கொள்ளலாம், அது வெறும் வளையம்தான். ஆனால் ரைஃபிளைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். துப்பாக்கியில் கை வைக்கிற வேலைக்கு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் உள்ளவர் வேண்டும். ஒரிஜினல் பிர்னோவில் ஒரு துளை விழுந்தால் அது போனது போனதுதான், எந்த வெல்டிங்கும் அதைத் திருப்பித் தராது.

அடுத்து எக்ஸ். ஹார்னெட் 45 கிரெயின் குண்டை வினாடிக்கு 820 மீட்டர் வாக்கில் தள்ளும், 150 மீட்டரைத் தாண்டினால் சரசரவென்று கீழே இறங்கிவிடும். அதற்கு 24 எக்ஸ் எதற்கு? மடங்கு மாறாத 6 எக்ஸ் ஃபிக்ஸட் வாங்குங்கள், முன் கண்ணாடி 36 மில்லிமீட்டரோ 40ஓ போதும். 36ஐ 6ஆல் வகுத்தால் 6 மில்லிமீட்டர், அதுதான் கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றையின் அகலம். கண் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் படம் கறுக்காது. 24 எக்ஸ் 50இல் அதே கற்றை 2 மில்லிமீட்டர்தான், கட்டையில் கன்னம் வைத்து இடம் தேடியே நேரம் போய்விடும்.

நீங்கள் 50 மீட்டரில் சுடுகிறீர்கள் என்பதால் பேரலாக்ஸை, அதாவது கண் நகர்ந்தால் குறியும் விலகுவதை, சொல்லியே ஆக வேண்டும். பெரிய தோட்டா ரைஃபிளுக்கென்று வரும் ஃபிக்ஸட் ஸ்கோப்புகளை 100 கஜம், 150 கஜம் என்று ஏதாவது ஒரு தூரத்துக்கு கம்பெனியிலேயே செட் பண்ணிவிடுவார்கள். முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர், செட் பண்ணினது 100 மீட்டர் என்று வையுங்கள். 50 மீட்டரில் கண் நடுவிலிருந்து ஓரத்துக்கு நழுவினால் குறி 10 மில்லிமீட்டர் வரை விலகலாம். 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் மொத்தக் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான், ஒரு வளையத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர். அப்படியென்றால் ரைஃபிளும் கையும் ஒழுங்காக இருந்தும் ஒரு வளையம் முழுசாகப் போய்விடும். அதனால் முன் கண்ணாடியைத் திருகித் தூரம் மாற்றுகிற வகை கிடைத்தால் அதையே எடுங்கள். அந்த வகை பழைய ஸ்கோப் மாதிரியே நீளமாக ஒல்லியாகவும் இருக்கும்.

பொள்ளாச்சி டு பிட்ஸ்பர்க்:

அண்ணா, வணக்கம். நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன், பிறந்தது ஆனைமலைப் பக்கம். இங்கே இந்த மாதிரி ரைஃபிளுக்கு வார்மின்ட் ரைஃபிள் என்று தனிப் பெயரே உண்டு. தீவனப் புல் காட்டில் வளை தோண்டிப் போடும் கிரவுண்ட்ஹாக் மாதிரி பிராணிகளைத் தூரத்திலிருந்து சுடுவதற்கென்று வளர்ந்த ஒரு மரபு. 1930களில் ஹார்னெட் வந்தது, 1935இல் வின்செஸ்டர் .220 ஸ்விஃப்ட் கொண்டுவந்தது, 1950இல் .222 ரெமிங்டன். சின்ன பிராணி, பெரிய தூரம் என்பதால் நல்ல ஸ்கோப்பின் தேவையும் கூடவே வளர்ந்தது.

அந்தக் காலத்து ஸ்கோப்புகளில் எல்லோரும் ஏங்குவது யுனெர்ட்ல். ஜான் யுனெர்ட்ல் 1934இல் இதே பிட்ஸ்பர்க்கில்தான் கம்பெனி தொடங்கினார். முக்கால் அங்குலக் குழாய், ஏறத்தாழ இரண்டு அடி நீளம். உள்ளே எதுவும் நகராது. பின் மவுன்டில் (ஸ்கோப்பைத் தாங்கும் பிடியில்) மைக்ரோமீட்டர் திருகு இருக்கும், அதைத் திருப்பினால் மொத்தக் குழாயும் நகரும். இரண்டு மவுன்டுக்கும் இடையே 7.2 அங்குலம் வைத்தால் ஒரு கிளிக்குக்கு 100 கஜத்தில் கால் அங்குலம். சுட்டதும் ரைஃபிள் பின்னால் வரும், ஸ்கோப் அங்கேயே நிற்கும், ஒவ்வொரு முறையும் கையால் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். வியட்நாமில் அமெரிக்க மரீன் ஸ்னைப்பர்கள் வின்செஸ்டர் மாடல் 70 மேல் வைத்திருந்தது இந்தக் கம்பெனியின் 8 எக்ஸ்தான். என்னிடம் பழைய மாடல் 70, .220 ஸ்விஃப்ட் ஒன்று இருக்கிறது, கனமான குழல், அதன் மேல் இது ராஜா மாதிரி உட்காரும்.

ஆனால் உங்கள் பிர்னோவுக்கு இதைச் சொல்லமாட்டேன். இதற்குக் குழலின் மேலேயே ஒரு பிளாக் பதிக்க வேண்டும், துளை இல்லாமல் முடியாது. ரைஃபிளும் சின்னது. யுனெர்ட்ல் மாதிரியிலும் மால்கம் என்ற இன்னொரு பழைய ஸ்கோப் மாதிரியிலும் ஹை-லக்ஸ் என்ற கம்பெனி இப்போது புதிதாகச் செய்து விற்கிறது, அதற்கும் இதே கதைதான். அழகுக்கு ஆசைப்பட்டு அப்பாருவின் குழலைக் குத்த வேண்டாம்ங்கண்ணா.

உங்கள் ரைஃபிளின் வயசுக்குச் சரியான ஜோடி வீவர் கே4, கே6. 1940களின் கடைசியில் வந்த வரிசை, டெக்சஸ் எல் பாசோவில் செய்தது, ஒரு அங்குல ஸ்டீல் குழாய், பளபளப்பான பூச்சு. இந்தச் சாயலை மனதில் வைத்துக்கொண்டு தேடுங்கள். முன் கண்ணாடிப் பக்கம் அதிகம் புடைக்காமல், டர்ரெட் (குறியைச் சரிசெய்யும் திருகு) குட்டையாக மூடியோடு, மெல்லிய கிராஸ்ஹேர் (உள்ளே தெரியும் குறுக்குக் கோடு). இந்த வகை எந்தக் கம்பெனியில் வந்தாலும் அந்த ரைஃபிளுக்குப் பொருந்தும்.

இன்னொன்று. ஊருக்கு வரும்போது நீயே ஒன்று வாங்கி வா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ரைஃபிள் ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதி விதிகளில் கட்டுப்பாட்டுப் பொருள், பெட்டியில் சட்டைக்கு நடுவே வைத்துக் கொண்டுவர முடியாது. சொந்தக்காரர் யாரையும் அந்தச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

கோபி வாய்க்கால்:

ஒரிஜினல் பழைய ஸ்கோப் ஆசைக்கு நான் காசு கட்டியவன், அதனால் சொல்கிறேன். படத்தைப் பார்த்து ஒரு பழைய 4 எக்ஸ் வாங்கினேன், வெளியே கீறல்கூட இல்லை. வந்ததும் வானத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. விற்றவர் போனை எடுக்கவில்லை. பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடுகிறது, துடைத்தாலும் தழும்பு நிற்கும். நம் ஊர் ஐப்பசி மழை ஈரத்தில், ரப்பர் காய்ந்துபோன பழைய குழாய் தாக்குப்பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

அதனால் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். டார்ச் லைட்டை முன்பக்கம் சாய்த்து அடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள், பூஞ்சையும் மூட்டமும் தெரிந்துவிடும். கண்ணாடி ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டு இருந்தால் இரண்டு லென்ஸை ஒட்டிய பிசின் விட்டுப்போகிறது என்று அர்த்தம். அப்புறம் டர்ரெட்டைத் திருப்பிக்கொண்டே கிராஸ்ஹேரைப் பாருங்கள். 1950கள் வரை வந்த நிறைய ஸ்கோப்புகளில் கிராஸ்ஹேர் நடுவிலேயே நிற்காது, நீங்கள் திருப்பத் திருப்ப அதுவும் ஓரத்துக்குப் போகும். அது பழுது இல்லை, அன்றைய அமைப்பே அப்படி. ஆனால் பேஸ் கொஞ்சம் கோணலாக இருந்தால் கடைசியில் ஒரு மூலையைப் பார்த்துத்தான் சுட வேண்டியிருக்கும். திருப்பிய பிறகு டர்ரெட்டைச் சுண்டாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் உட்காராமல், அடுத்த இரண்டு குண்டு கழித்துத்தான் நகரும். தோட்டா தட்டுப்பாடு உள்ள உங்களுக்கு இது பெரிய நஷ்டம்.

வெளிச்சமும் பாருங்கள். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. லென்ஸ் பூச்சு 1935இல் சைஸ் கம்பெனியில் கண்டுபிடித்தது, எல்லா ஸ்கோப்புக்கும் அது வந்து சேரப் பல வருசம் ஆனது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கிளப்பில் உட்கார்ந்தால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும்.

குழாய் அளவு பற்றி யாரும் சொல்லவில்லை. ஐரோப்பியப் பழைய ஸ்கோப்புகளில் 26 மில்லிமீட்டர் குழாய் நிறைய, ஒரு அங்குலம் என்பது 25.4. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு அங்குல ரிங்கை அதில் வைத்து இறுக்கி, குழாய் நசுங்கி, டர்ரெட் திரும்பாமல் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். லைமன் அலாஸ்கன் என்ற பழைய ஸ்கோப்பின் குழாய் 7/8 அங்குலம், அதற்கு ரிங் தேடியே வருசம் போய்விடும்.

கொடுமுடி மஞ்சள்காடு:

நடுவில் ஒரு கேள்விங்க. எங்கள் பக்கம் மயிலும் பன்றியும் படுத்தும் பாடு சொல்லி மாளாது, கடலை விதைத்தால் பாதி அதுகளுக்குத்தான். லைசென்ஸ் ரைஃபிளில் நல்ல ஸ்கோப் போட்டால் இதற்கு ஆகுமா?

சத்தி மலையடிவாரம்:

ஆகாதுங்க. உங்கள் கஷ்டம் எனக்கும் உண்டு, மலை ஓரத்தில் நான்கு ஏக்கர் வைத்திருக்கிறேன். ஆனால் மயில் 1972ஆம் வருச வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பன்றிக்கு 2025இல் அரசு ஒரு முடிவு எடுத்தது, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைச் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். நீங்களும் நானும் சுட்டால் லைசென்ஸும் போய் கேசும் வரும். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனு எழுதுங்கள், போட்டோ எடுத்து வைத்து வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கி இணையுங்கள்.

காங்கேயத்துக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று ராத்திரி காலிப்பர் வைத்து அளந்தேன், சரிவு முன்னும் பின்னும் இருக்கிறது, துளை போடும் பேச்சை முடித்துவிட்டேன். அப்பாருவிடம் சொன்னபோது, ஒன்றும் பேசாமல் கட்டையைத் தடவிக் கொடுத்தார்.

ஒரு அங்குலக் குழாய், 6 எக்ஸ் ஃபிக்ஸட், முன்னால் திருகித் தூரம் மாற்றுகிற வகை என்று முடிவு பண்ணியிருக்கிறேன், பளபளப்புப் பூச்சில் கிடைக்குமா என்று தேடுகிறேன். இரண்டு சந்தேகம். ரிங் எவ்வளவு உயரம் வைக்கலாம்? அப்புறம், தோட்டா வீணாகாமல் ஜீரோ பண்ண, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிக்கட்ட, வழி உண்டா?

சத்தி மலையடிவாரம்:

எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வு. அந்தக் கட்டை இரும்பு சைட்டுக்கு இழைத்தது, ஸ்கோப் உயர்ந்தால் கன்னம் கட்டையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். இரண்டு இடத்தில் மட்டும் இடிக்கக் கூடாது. முன் கண்ணாடிக்கும் குழலுக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டு தாராளமாகப் போய்வர வேண்டும். பின்னால், போல்ட் கைப்பிடியை முழுசாகத் தூக்கும்போது ஸ்கோப்பின் கண் பக்கத்துப் புடைப்பில் தட்டக் கூடாது. வாங்கும் முன் அந்தத் தடிமனில் ஒரு பைப் துண்டை வைத்துப் போல்ட்டை இயக்கிப் பாருங்கள்.

ஜீரோவுக்கு, தோட்டா எதுவும் இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டு போல்ட்டை உருவி எடுத்துவிடுங்கள். ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, பின்பக்கமிருந்து குழல் ஓட்டை வழியாகவே 50 மீட்டர் டார்கெட்டைப் பாருங்கள், கறுப்பு வட்டம் ஓட்டையின் நடுவே வரும்படி மூட்டையைச் சரிக்கட்டுங்கள். இப்போது ரைஃபிளைத் தொடாமல் டர்ரெட்டை மட்டும் திருப்பி கிராஸ்ஹேரை அதே வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் தோட்டாவே பேப்பரில் விழும், இன்னும் நான்கைந்தில் முடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளப்பில் இருப்பேன், மணல் மூட்டை நான் கொண்டுவருகிறேன், நீங்கள் காலிப்பர் அளவை எழுதி எடுத்து வாருங்கள், என்னிடம் இருக்கும் பழைய ரிங் ஏதாவது உட்காருமா என்றும் பார்த்துவிடுவோம்.