புதுப்பிப்பு: சூப்பர்சார்ஜர் காரின் திணறல், குற்றவாளி பியூயல் பம்ப் இல்லை

தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால், 5,000 ஆர்பிஎம் தாண்டியதும் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) மாட்டிய என் கார் திணறுகிறது, காற்று-பெட்ரோல் விகிதம் 11.8-க்குப் பதில் 13.6 ஆகிறது (அதாவது பெட்ரோல் போதவில்லை) என்று எழுதியிருந்தேன். பலரும் டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்பை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம் தர்மபுரியில் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் பியூயல் ரெயிலில் (பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கான குழாய்) பிரஷர் கேஜ் மாட்டி, முன் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினார். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் அடிப்படை அளவு 3 பார். பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) அரை பார் ஏறினால் முள் 3.5-க்குப் போக வேண்டும். அதுவோ 2.7-க்கு இறங்கியது. ஃபில்டர் புதுசு, அதனால் அதில் அடைப்பு இல்லை.

"பம்புக்குக் கரண்ட் எவ்வளவு வருதுன்னு பார்த்தியா தம்பி?"

பார்க்கவில்லை. வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப் கனெக்டரில் 10.8. டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் எர்த் இணைப்பு பச்சை பூத்துக் கிடந்தது!

சுரண்டிவிட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த வயர் இழுத்தோம். இப்போது 13.5 வோல்ட். அதே ஏற்றத்தில் முள் 3.5-இல் அசையாமல் நின்றது. ஆனால் கரும்புகை! நான் முன்பு மேப்பில் (எவ்வளவு பெட்ரோல் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அட்டவணை) கூட்டி வைத்த பெட்ரோல். அதைக் குறைத்ததும் விகிதம் 11.7.

இன்ஜெக்டர் டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கு) 84 சதவீதத்தில், எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால், பூஸ்ட்டைக் கூட்டும் சின்ன புல்லி ஆசையை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.